‘டெப்ரிகேட்டட்’ என்பதற்கு ‘நீங்குநிலை’: ஒரு பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம். மென்பொருளில் இன்னும் வேலை செய்தாலும், வரும் பதிப்பில் எடுக்கப்போவதாக அறிவிக்கப்பட்டதை ‘டெப்ரிகேட்டட்’ (deprecated) என்பார்கள். இதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ‘டெப்ரிகேட்டட்’ என்பதற்கு ‘வழக்கொழிந்த’ என்றே வைத்துக்கொள்ளலாம். அகராதியில் உள்ள சொல், எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தவறாகப் புரியும். அண்மையில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

ஒரு சிறு நிறுவனத்தின் கட்டண வசூல் செயலியை ஜாங்கோ (பைத்தான் மொழியில் இணையச் செயலிகள் எழுத உதவும் கட்டமைப்பு) 3.2 பதிப்பிலிருந்து 4.2-க்கு ஏற்றினேன். சர்வர் ஒழுங்காக எழும்பியது. உள்நுழையும் பக்கம் வந்தது, பட்டியல் வந்தது. ரசீது அச்சிடும் பக்கத்தைத் தொட்டதும் 500 என்ற சர்வர் பிழை. சர்வரின் லாக்கை (நிகழ்வுப் பதிவை) திறந்தால், ‘யூகெட்டெக்ஸ்ட்’ என்ற பெயரை இறக்குமதி செய்ய முடியவில்லை என்று கடைசி வரி. ரசீதின் தலைப்பைத் தமிழில் காட்டுவதற்காக நாங்கள் அழைத்த ஜாங்கோ சார்பு (ஃபங்ஷன்) அது. அந்த இறக்குமதி வரி கோப்பின் தலையில் இருந்திருந்தால் சர்வர் எழும்பும்போதே தெரிந்திருக்கும். அதை ஒரு சார்புக்குள் எழுதி வைத்திருந்தோம். அந்த வரியை எட்டும்வரை பைத்தான் ஒன்றும் சொல்லாது. இயக்கநேரப் பிழை என்று இதைத்தான் சொல்கிறோம்.

இந்தச் சார்பின் கதையைப் பாருங்கள். பைத்தான் 2 காலத்தில் யூனிகோடு சரத்துக்கென்று (எழுத்துத் தொடருக்கென்று) தனியாக இருந்தது. 2017 டிசம்பரில் வந்த ஜாங்கோ 2.0 பைத்தான் 2-ஐக் கைவிட்டது. அப்போதே இது ‘கெட்டெக்ஸ்ட்’ என்பதன் இன்னொரு பெயராக மட்டும் மிஞ்சியது. 2019 டிசம்பரில் 3.0 இதை ‘டெப்ரிகேட்டட்’ என்று அறிவித்தது. 2021 டிசம்பரில் 4.0 இதை எடுத்தே விட்டது. நடுவில் இரண்டு ஆண்டுகள்! அத்தனை நாளும் சார்பு முழுதாக வேலை செய்தது. எச்சரிக்கையும் இருந்தது, ஆனால் இந்த வகை எச்சரிக்கைகளைப் பைத்தான் இயல்பாகக் காட்டுவதில்லை. பைத்தான் கட்டளையில் ‘-டபிள்யூ ஏ’ சேர்த்துச் சோதனைகளை ஓட்டினால்தான் திரையில் வரிசையாக வரும். பழைய பதிப்பிலேயே நான் அதைச் செய்திருக்க வேண்டும்.

இப்போது சொல்லுக்கு வருவோம். ‘வழக்கொழிந்த’ இறந்தகாலப் பெயரெச்சம். ஒழிந்தே போய்விட்டது என்கிறது. 3.2-ஐ வைத்திருப்பவர் அதைப் படித்துவிட்டுத் தன் செயலியைப் பார்த்தால் அது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். ‘இந்தக் குறிப்பு நமக்கில்லை’ என்று நகர்ந்துவிடுவார். அவரைத்தான் நாம் எச்சரிக்க வேண்டும். இன்று இருக்கிறது, நாளை இருக்காது என்பதை அந்தச் சொல்லே சொல்ல வேண்டும்.

‘விலக்கு’ என்று தொடங்கலாமா என்று யோசித்தேன். வரிவிலக்கு, மதுவிலக்கு என்று அதற்கு ஏற்கெனவே வேறு வேலைகள் இருக்கின்றன. ‘விலக்கம்’ புள்ளியியலில் புழங்குகிறது.

என் பரிந்துரை ‘நீங்குநிலை’. வினைத்தொகை. ஊறுகாய் என்றால் ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் மூன்றும் அடங்குவதுபோல ‘நீங்குசார்பு’ (நீங்குநிலையில் உள்ள சார்பு) காலத்தை வெளியே காட்டாது. ஒரே ஆவணத்தை ஒருவர் 3.0-இலும் இன்னொருவர் 3.2-இலும் இருந்துகொண்டு படிப்பார்கள், இருவருக்கும் அது பொருந்தும். உண்மையிலேயே எடுத்துவிட்டால் ‘நீக்கம்’. நீங்கு, நீக்கு: தன்வினையும் பிறவினையும் அருகருகே நின்று இரண்டு கட்டங்களையும் பிரித்துக் காட்டுகின்றன. எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதுதான்.

எல்லா மேம்படுத்தல் சிக்கலையும் இதற்குள் அடைக்கவும் கூடாது. 4.0-இலிருந்து ஜாங்கோ அமைப்புகளில் உள்ள நம்பகத் தளங்களின் பட்டியலில் ‘எச்டிடிபி’ அல்லது ‘எச்டிடிபிஎஸ்’ முன்னொட்டோடு தள முகவரியைத் தர வேண்டும். அங்கே எதுவும் நீங்கவில்லை, எழுதும் விதிதான் மாறியது. தராவிட்டால் ஜாங்கோவின் ‘செக்’ என்ற சோதனைக் கட்டளையே பிழை என்று சொல்லிவிடும். அதற்கு ‘ஒவ்வா மாற்றம்’ சரியாக இருக்கும் என்று தோன்றுகிறது. அதைத் தனி இழையில் பேசலாம்.

எச்சரிக்கை வரி தமிழில் இப்படி வரும்:

‘யூகெட்டெக்ஸ்ட்’ நீங்குநிலையில் உள்ளது. 4.0-இல் நீக்கப்படும். ‘கெட்டெக்ஸ்ட்’ பயன்படுத்துங்கள்.

பெயராக நன்றாக நிற்கிறது. வினையாக்கும்போதுதான் இடிக்கிறது. ‘நீங்குநிலைப்படுத்து’ நீளமாக இருக்கிறது, ‘நீங்குநிலைக்கு மாற்று’ பேச்சுக்கு ஒத்துவருகிறது. உங்களுக்கு எது சரியாகப் படுகிறது?