குறிப்பேட்டில் சிக்காத தமிழ்: அனுபவமுள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு பாலர் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். பகுதிநேரமாகப் பட்டமும் படிக்கிறேன். விளையாட்டின்போது 4 வயதுப் பிள்ளைகள் எப்போது ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வருகிறார்கள் என்பதுதான் என் செயலாய்வு, அதாவது என் வகுப்பிலேயே நான் செய்யும் ஆய்வு.

5 நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துக் குறிக்கும் முறையில் தொடங்கினேன். கட்டைகள் சரிந்ததும் ஒரு சிறுவன் "ஐயோ, பாட்டி வீடு!" என்று அலறினான். அப்போது மூன்றாம் நிமிடம். ஐந்தாம் நிமிடத்தில் மறுபடியும் ஆங்கிலம். என் தாளின்படி அவன் தமிழே பேசாதவன்! அடிக்கடி நிகழ்வதை எண்ணத்தான் இந்த முறை சரி. அரிதானதற்கு, நிகழும்போதெல்லாம் எழுதுவதே பொருத்தம். ஆனால் 15 பேரை மேய்த்துக்கொண்டு ஒரே ஆளால் அது முடியுமா?

இன்னொன்று. பெற்றோர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டுவிட்டார்கள். ஆனால் ஒரு சிறுமி என் குறிப்பேட்டைக் கண்டாலே அதைக் கையால் மூடுகிறாள். அதை மறுப்பாகவே கொண்டு, அவளைப் பற்றி எழுதுவதை நிறுத்திவிட்டேன். அவளை ஆய்விலிருந்தே நீக்கிவிட வேண்டுமா, அல்லது வேறொரு நாள் அவளிடமே கேட்டுப் பார்க்கலாமா?

நீங்கள் நிரப்பிய உற்றுநோக்கல் தாள் ஏதாவது இருந்தால், பெயர்களை மறைத்துவிட்டுக் காட்டுங்கள். பாடநூல் மாதிரிகள் வேண்டாம். அவற்றில் எந்தப் பிள்ளைக்கும் மூக்கு ஒழுகுவதில்லை.