பந்தயத்துக்கும் குடும்பத்துக்கும் ஒரே படகு போதுமா? எட்டு மீட்டருக்கு உட்பட்ட பாய்மரப் படகுகள் குறித்த விவாதம்

இளம்பாய்:
வார இறுதிப் பந்தயங்களில் கலந்துகொள்ளவும், பந்தயம் இல்லாத நாள்களில் மனைவியையும் ஆறு, ஒன்பது வயதுடைய இரு குழந்தைகளையும் அழைத்துச் சென்று படகிலேயே ஓர் இரவு தங்கி வரவும் ஏற்ற ஒரே படகைத் தேடுகிறேன். நீளம் எட்டு மீட்டரைத் தாண்டக் கூடாது. டிரெய்லரில் ஏற்றிச் செல்லத் தக்கதாகவும் இருக்க வேண்டும். பழைய படகானாலும் சரி. ஜே/24, கேட்டலினா 22 ஆகிய இரண்டுக்கும் நடுவே முடிவெடுக்க இயலாமல் நிற்கிறேன். வேறு படகு பொருத்தமென்று கருதுபவர்கள் காரணத்தோடு எழுதும்படி வேண்டுகிறேன்.

எதிர்க்காற்று:
ஜே/24ஐ வாங்குங்கள். ராட் ஜான்ஸ்டன் தம் வீட்டுக் கொட்டகையில் கட்டிய மாதிரிப் படகை 1976இல் தம் குடும்பத்தினரையே குழுவாகக் கொண்டு ஓட்டி வெற்றிகளைக் குவித்தார். மறு ஆண்டு அதே வடிவம் தொழிற்சாலைக்குச் சென்று, இன்றுவரை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படகுகளாகப் பெருகியிருக்கிறது. குடும்பம் ஏற முடியாத படகு என்று இதை ஒதுக்குபவர்கள் இந்தத் தொடக்கத்தை மறந்துவிடுகிறார்கள்.

எண்ணிக்கையின் பெருக்கம் வேறொரு பயனையும் தருகிறது. ஒரே வடிவமும் ஒரே பாயளவும் கொண்ட படகுகள் மோதும்போது, கோட்டை முதலில் கடப்பவரே வென்றவர். பல வகைப் படகுகள் கலந்து ஓடும் பந்தயத்தில் நேரச் சலுகைக் கணக்கு நுழைந்துவிடுகிறது. அமெரிக்காவில் பரவலாக வழங்கும் பி.எச்.ஆர்.எஃப். முறையில், ஒரு கடல் மைலுக்கு இத்தனை விநாடி என்று ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண் தரப்படும். பகுதிக்குப் பகுதி சற்று மாறினாலும், ஜே/24க்கு அது ஏறத்தாழ 170, கேட்டலினா 22க்கு ஏறத்தாழ 270. அதாவது 6 கடல் மைல் தடத்தில் முன்னது பின்னதை விடப் பத்து நிமிடம் முந்தி வந்து சேரும். பத்து நிமிடம் பின்னால் தனியாக வருபவர் பந்தயம் கற்றுக்கொள்வது கடினம்.

நங்கூரம்:
அந்தப் பத்து நிமிடத்தைத் திருப்பித் தருவதற்காகத்தானே சலுகைக் கணக்கே இருக்கிறது? தம்முடைய படகைக் குறையில்லாமல் ஓட்டிய மெதுவான படகுக்காரர், சோம்பலாக ஓட்டிய வேகப் படகுக்காரரைக் கணக்கில் வெல்வதுதான் அம்முறையின் நோக்கம். மேலும் கேட்டலினா 22 பதினைந்தாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்ட படகு. அதற்கும் தன் வகைக்குள்ளேயே பந்தயங்கள் உண்டு.

இரவு தங்குவதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஜே/24இன் அறைக்குள் நான்கு படுக்கைகள் இருப்பது உண்மை. ஆனால் அங்கே நிமிர்ந்து நிற்க முடியாது, பெரியவர்கள் குனிந்தே நகர வேண்டும். வெளியே, முதன்மைப் பாயின் கயிற்றை இருபுறமும் நகர்த்தும் தண்டவாளம், ஆள்கள் அமரும் திறந்த பள்ளமான காக்பிட்டை நடுவில் குறுக்காக வெட்டிச் செல்கிறது. பந்தயத்தில் பாய் சீர்செய்பவருக்கு அதுவே சரியான இடம். ஓடி விளையாடும் ஆறு வயதுக் குழந்தையின் முழங்காலுக்கு அன்று.

அடுத்தது ஆழம். ஜே/24இன் கீல், அதாவது படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கனத்த தகடு, நிலையானது, நீருக்கடியில் 1.22 மீட்டர் இறங்கியிருப்பது. கேட்டலினா 22இன் மடக்குக் கீலைத் தூக்கிவிட்டால் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் நீர் போதும். குழந்தைகள் இறங்கி நடந்தே கரையேறும் அளவுக்கு மணற்கரையை நெருங்கி நங்கூரமிடலாம். சாய்தளத்தில் டிரெய்லரிலிருந்து நேரே இறக்குவதும் எளிது. ஜே/24ஐ இறக்கப் பெரும்பாலும் கிரேன் தேடுகிறார்கள்.

எதிர்க்காற்று:
ஆழத்தையும் இறக்கும் வசதியையும் ஏற்கிறேன். ஆனால் வேகத்தைப் பந்தயக்காரரின் ஆடம்பரம் போலப் பேசுவதை ஏற்க முடியாது.

நீரைக் கிழித்துச் செல்லும் படகு தானே எழுப்பும் அலைக்குள் சிக்கிக்கொள்கிறது. அதனால் வரும் வேக வரம்பு, நீர்க்கோட்டு நீளத்தை, அதாவது நீர் மட்டத்தில் படகின் நீளத்தை, அடிக்கணக்கில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் ஏறக்குறைய எத்தனை நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வருகிறதோ அதுதான். ஜே/24இன் நீர்க்கோடு 20 அடி. வரம்பு 6 நாட். கேட்டலினா 22க்கு 19 அடிக்குச் சற்றே மேல்; வரம்பு 5.9 நாட். இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு இரண்டும் ஒன்றுதானே என்று முடிவு கட்டுபவர்கள் பலர். அப்படியானால் ஒவ்வொரு மைலிலும் நூறு விநாடி எங்கே போகிறது? எடை என்று சொல்லிவிட வேண்டாம்: ஜே/24 ஏறத்தாழ 1,400 கிலோ, கேட்டலினா அதை விடச் சில நூறு கிலோ குறைவு. கனமான படகே வேகமாகப் போகிறது.

விடை பாயிலும் கீலிலும் இருக்கிறது. ஜே/24 ஏறத்தாழ 24 சதுர மீட்டர் பாயைச் சுமக்கிறது. மற்றது 20க்குச் சற்றுக் குறைவு. அத்தனை பாயைச் சுமக்க ஜே/24க்கு ஏறத்தாழ 430 கிலோ கீல் எடை துணை நிற்கிறது. கேட்டலினாவின் மடக்குக் கீல் 250 கிலோ அளவில்தான். மென்காற்றில், வரம்புக்கு வெகு கீழே ஊர்ந்துகொண்டிருக்கும்போது, கூடுதல் பாய்தான் படகை நகர்த்தும். எதிர்க்காற்றில் ஏறும்போது, செம்மையாகச் செதுக்கப்பட்ட ஆழமான கீல் பக்கவாட்டுச் சறுக்கலைக் குறைத்து, காற்றின் திசைக்கு இன்னும் நெருங்கிச் செல்ல விடும். மாலையில் காற்று விழுந்து, துறைக்கு எதிராக நீரோட்டமும் இருக்கும் வேளையில், களைத்துப்போன குழந்தைகளோடு வீடு திரும்புபவருக்குத் தேவைப்படுவதும் இதே குணம்தான்.

துடுப்பு:
இருவரும் கூரையுள்ள படகுக்குள்ளேயே சுற்றுகிறீர்கள். இயன் ப்ராக்டர் 1957இல் வடிவமைத்த வேஃபேரர் என்ற திறந்த படகை ஏன் ஒருவரும் எண்ணவில்லை? நீளம் 4.82 மீட்டர், படகுடல் எடை 169 கிலோ. எந்தக் காரும் இழுக்கும். பெரியவர்கள் இருவரும் குழந்தைகள் இருவரும் தாராளமாக அமரலாம். நங்கூரமிட்ட பின், முதன்மைப் பாயின் அடிக்கட்டையான பூமின் மேல் கூடாரத்துணி விரித்துப் படகுத் தரையிலேயே உறங்கலாம்.

வேகத்துக்கு வருகிறேன். பிரிட்டனின் ராயல் யாட்டிங் சங்கம் வெளியிடும் போர்ட்ஸ்மவுத் யார்ட்ஸ்டிக் பட்டியலில் ஓடிய நேரத்தை 1000ஆல் பெருக்கிப் படகின் எண்ணால் வகுப்பார்கள். எண் கூடினால் படகு மெதுவானது என்று பொருள். அதில் ஒலிம்பிக்கில் ஓடும், ஒருவர் மட்டும் ஓட்டும் லேசர் படகும் குடும்பப் படகான வேஃபேரரும் 1100ஐ ஒட்டியே நிற்கின்றன. பந்தயமா குடும்பமா என்ற கேள்விக்கு அறுபது ஆண்டுக்கு முன்பே விடை கிடைத்துவிட்டது. கடல் தாங்குமா என்று கேட்பவர்களுக்கு: ஃபிராங்க் டை என்பவர் 1963இல் துணைக்கு ஒருவரோடு ஸ்காட்லாந்திலிருந்து ஐஸ்லாந்துக்கு வேஃபேரரில் சென்று சேர்ந்தார்.

நங்கூரம்:
அதே ஃபிராங்க் டை 1964இல் நார்வேக்குச் சென்றபோது புயலில் படகு பலமுறை கவிழ்ந்து, பாய்மரமும் முறிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அவருடைய திறமைக்கு நான் தலைவணங்குகிறேன். குடும்பப் பயணத்துக்குச் சான்றாக அவரை அழைக்க மாட்டேன்.

உண்மையில், துடுப்பு அவர்களின் பதிவுதான் இந்த விவாதத்தின் மையத்தைத் தொடுகிறது என்றாலும், அவர் அதைக் கவனிக்காமல் தாண்டிச் சென்றுவிட்டார். காற்று சாய்க்கும் படகை நிமிர்த்தி நிறுத்துவது எது? கேட்டலினாவிலும் ஜே/24இலும் அந்த வேலையின் பெரும்பங்கைக் கீலில் இருக்கும் ஈயமோ இரும்போ செய்கிறது. வேஃபேரரில் மையப்பலகை சறுக்கலை மட்டுமே தடுக்கிறது. நிமிர்த்துவது மனித உடல்கள். பந்தயத்தில் இரண்டு வலுவான பெரியவர்கள் விளிம்பில் கால்களைப் பட்டைக்குள் மாட்டிக்கொண்டு வெளியே சாய்வார்கள். குடும்பத்தோடு செல்லும்போது ஒருவர் சுக்கானைப் பிடித்திருப்பார், மற்றவர் குழந்தையைப் பிடித்திருப்பார். திடீர்க் காற்று வரும் கணத்தில் வெளியே சாய்வதற்கு ஆள் இருக்காது.

இதே அளவுகோலைப் புதிய பந்தயப் படகுகளின் மேல் வைத்துப் பாருங்கள். 2012இல் வந்த ஜே/70 ஏறத்தாழ 800 கிலோ எடையுள்ளது. நான்கு பெரியவர்கள் ஏறினால் 300 கிலோவுக்கு மேல். படகின் எடையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிடுகிறது. நால்வரில் இருவருக்குப் பதில் ஐம்பது கிலோகூடத் தேறாத இரு குழந்தைகளை அமர்த்தினால், அதே பாய்க்குக் கீழே அது வேறொரு படகாகிவிடும். ஆகவே ஒரு படகு குடும்பத்துக்கு ஏற்றதா என்பதைப் படுக்கைகளை எண்ணித் தீர்மானிக்காதீர்கள்; ஆள்கள் அசையாமல் நடுவில் அமர்ந்திருந்தாலும் அது எவ்வளவு காற்றைத் தாங்கும் என்று கேளுங்கள்.

துடுப்பு:
காற்று ஏறினால் பாயைச் சுருக்கிக் கட்டுவதற்காகத்தான் ரீஃப் கயிறுகள் இருக்கின்றன. வேஃபேரரின் முதன்மைப் பாயைக் கால்வாசி சுருக்கிவிட்டால் குழந்தைகளோடு நிதானமாகவே செல்லும். கவிழ்ந்தாலும் முன்னும் பின்னுமுள்ள காற்றறைகள் அதை மூழ்க விடாது. பாய்மர உச்சியில் ஒரு மிதவை கட்டினால் முழுவதுமாகக் குப்புற விழுவதும் தடுக்கப்படும். நீங்கள் நம்பும் கனத்த கீலைப் பற்றியும் ஒன்று சொல்லட்டுமா? காற்றறை இல்லாத கீல் படகு, பின்காற்றில் ஏற்றும் பெரிய பாயான ஸ்பின்னக்கரோடு பக்கவாட்டில் சாய்ந்து விழும் நேரத்தில் அறைவாயிலோ பெட்டி மூடியோ திறந்திருந்தால், உள்ளே புகும் நீரோடு அந்த ஈயமே அதை அடிக்கு இழுத்துச் செல்லும். கவிழும் படகை நிமிர்த்தலாம். மூழ்கிய படகை என்ன செய்வது?

எதிர்க்காற்று:
மூடிகளைப் பூட்டிவிட்டு ஸ்பின்னக்கர் ஏற்றுவது எந்தப் பந்தயக்காரரும் முதலில் கற்கும் ஒழுங்கு. குடும்பத்தோடு செல்லும் நாளில் ஸ்பின்னக்கரை ஏற்றவே தேவையில்லை.

நங்கூரம் அவர்கள் வைத்த அளவுகோல் எனக்குப் பிடித்திருக்கிறது. அது அவருடைய படகை விட என் படகுக்கே வலு சேர்க்கிறது. ஜே/24இல் ஆள்களின் மொத்த எடைக்கு 400 கிலோ என்று அந்தப் படகு வகைக்கான பந்தய விதி வரம்பு இருப்பதால் ஐந்து பேர் ஏறிப் பந்தயம் ஓட்டுகிறார்கள். ஆனால் படகின் எடை அதைப்போல் மூன்றரை மடங்கு. அந்த ஐவரை இறக்கிவிட்டு, பெரிய முன்பாய்க்குப் பதில் சிறிய முன்பாயை மாட்டி, காற்று வலுத்தால் முதன்மைப் பாயையும் சுருக்கினால், 430 கிலோ கீல் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். ஒரே படகுக்கு இரண்டு பாய்த் தொகுதிகள்: ஒன்று கூர்மையானது, பந்தய நாளில் மட்டும் உறையிலிருந்து வெளிவருவது, மற்றொன்று தேய்ந்தாலும் கவலையில்லாத பழையது. கேட்டலினாவில் இதைத் திருப்பிச் செய்ய முடியாது. எவ்வளவு நல்ல பாய் மாட்டினாலும் அதன் கீல் ஆழமாகச் செதுக்கிய கீலாக மாறிவிடாது.

நங்கூரம்:
பாயை மாற்றலாம், காக்பிட்டை மாற்ற முடியாது என்று நானும் அதே வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லலாம். இன்னொன்று: முன்பாயை மாற்ற ஒருவர் ஆடும் அணியத்துக்கு, அதாவது படகின் முன்முனைக்கு, நடந்து செல்ல வேண்டும். குடும்பப் பயணத்தில் அந்த ஒருவர் யார்? காக்பிட்டில் இருந்தபடியே ஒரு கயிற்றை இழுத்து முன்பாயைச் சுருட்டிவிடும் ரோலர் ஃபர்லிங் அமைப்பு என் படகில் இருக்கிறது. பாயின் வடிவம் சற்றுக் கெடும், பந்தயத்தில் சில விநாடிகள் போகும். குழந்தைகளை விட்டுவிட்டு முன்னால் ஓட வேண்டியதில்லை என்பதற்காக அந்த விநாடிகளை மகிழ்ச்சியோடு தருவேன்.

இளம்பாய்:
மூவருக்கும் நன்றி. திறந்த படகில் இரவு தங்க வீட்டில் ஒப்புதல் கிடைக்காது என்பதால் வேஃபேரரை மட்டும் விலக்கிவிட்டேன்; துடுப்பு அவர்கள் பொறுத்தருள்க. மற்ற இரண்டில் எந்தப் பழைய படகு நல்ல நிலையில் கிடைக்கிறதோ அதை வாங்கலாம் என்று தோன்றத் தொடங்கியிருக்கிறது. பார்க்கச் செல்லும்போது எதைச் சோதிக்க வேண்டும்?

நங்கூரம்:
கேட்டலினாவில் முதலில் மடக்குக் கீல். அது தொங்கும் ஊசியும், ஊசியைத் தாங்கும் பிடிகளும் தேய்ந்திருந்தால் கீல் பக்கவாட்டில் ஆடும்; நங்கூரமிட்ட இரவில் அந்தத் தட்டும் ஓசை உறங்க விடாது, தேய்மானமும் பெருகும். கீலைத் தூக்கும் கம்பிவடத்தில் ஒரு இழை அறுந்திருந்தாலும் முழு வடத்தையும் மாற்றுங்கள், ஏனெனில் அறுந்தால் 250 கிலோ ஒரே வீச்சில் இறங்கும். படகு டிரெய்லரில் அமர்ந்திருக்கும்போது ஊசியைப் பார்க்க முடியாது. தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம்.

எதிர்க்காற்று:
ஜே/24இன் உடல் இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே பால்சா மரத்தை வைத்துக் கட்டப்பட்டது. திருகாணித் துளைகள் வழியாகப் பல ஆண்டுகள் நீர் கசிந்திருந்தால் உள்ளே மரம் ஊறி அழுகியிருக்கும், வெளியே வண்ணம் பளபளக்கும். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் படகுடலில் பிணைக்கப்படும் இடங்களிலும், தளத்தில் கயிற்றை இறுக்கும் உருளையான வின்ச் பொருத்திய இடங்களிலும் சிறு சுத்தியலால் தட்டிக் கேளுங்கள்: உலர்ந்த இடத்தில் கூர்மையான ஒலி, ஊறிய இடத்தில் மந்தமான ஒலி. கீல் உடலோடு சேரும் கோட்டில் விரிசல் ஓடியிருக்கிறதா என்றும் பாருங்கள். இவை சரியாக இருந்து, தண்டவாளம் மட்டுமே உங்கள் வீட்டாரின் குறையாக இருந்தால், பந்தயமில்லாத நாள்களில் அதன் மேல் ஒரு மெத்தையைக் கட்டிவிடுங்கள். அழகாக இராது.

நங்கூரம்:
மெத்தை கட்ட வேண்டிய படகைத்தான் குடும்பப் படகு என்கிறீர்களா?

எதிர்க்காற்று:
பத்து நிமிடம் பின்னால் வரும் படகைப் பந்தயப் படகு என்று நீங்கள் அழைக்கும்வரை, ஆம்.