தண்ணீர் விட்ட பிறகும் வாடின கத்தரி

ஒட்டன்சத்திரம் பக்கம் அரை ஏக்கர் கத்தரி போட்டிருந்தேன். பூ வைக்கிற சமயம், மதியமானால் நாலைந்து செடி தலையைத் தொங்கப்போடும், சாயங்காலம் நிமிர்ந்துவிடும். வெயில்தானே என்று ஒரு தண்ணீர் கூடுதலாக விட்டேன், அதுதான் நான் செய்த முதல் கோளாறு. இலை மஞ்சளாகவே இல்லை, பச்சையாக இருக்கும்போதே செடி துவண்டு, வாரத்தில் பாத்தி பாத்தியாகப் போனது. மருந்துக்கடையில் வேர் அழுகல் என்று பூஞ்சாண மருந்து கொடுத்தார்கள், 2 தடவை ஊற்றியும் காசுதான் போனது. பிடுங்கின செடியை வாய்க்கால் ஓரத்தில் வேறு குவித்து வைத்தேன்! அப்புறம் ஒருவர் சொல்லி, அடித்தண்டை வெட்டிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் பிடித்துப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் பால் மாதிரி நூல் நூலாக இறங்கியது. பாக்டீரியா வாடல், தண்ணீரோடு பரவுகிற நோய்.

— அண்ணே, அந்தப் பாக்டீரியா பெயர் ரால்ஸ்டோனியா. நான் அமெரிக்காவில் நார்த் கரோலினாவில் புகையிலை வயலில் வேலை பார்த்தபோது இதே கதை. அங்கே கிரான்வில் மாவட்டத்தின் பெயரையே வைத்துக் கிரான்வில் வாடல் என்கிறார்கள். புகையிலையில் முதலில் இலையின் ஒரு பாதி மட்டும் துவளும், தண்டில் ஒரு பக்கம் கறுப்புக் கோடு ஓடும். கொழுந்து கிள்ளுகிற காயம் வழியாகவும் ஏறும், வேர்முடிச்சுப் புழு இருந்தால் கேட்கவே வேண்டாம். 1940களில் ஆக்ஸ்போர்டு 26 என்ற தாங்கும் ரகம் வந்த பிறகுதான் அங்கே கொஞ்சம் மூச்சு விட்டார்களாம். வந்த செடிக்கு மருந்து கிடையாது அண்ணே.

— நான் சுண்டைக்காய் வேரில் ஒட்டுக் கட்டின கத்தரி நட்டேன், நன்றாகவே நின்றது. ஆனால் பழக்கதோஷத்தில் மண் அணைத்துவிட்டேன், ஒட்டு மண்ணுக்குள் போய், மேல் கத்தரியே வேர் விட்டு, அது வழியாக நோய் ஏறிவிட்டது. ஒட்டு வெளியே தெரிய வேண்டும். கீழே துளிர்க்கிற சுண்டையையும் கிள்ளிக்கொண்டே இருங்கள்.

சரி, இந்த முறை மக்காச்சோளம்தான். தக்காளி போடலாம் என்றிருந்தேன், நல்லவேளை, அதுவும் மிளகாயும் உருளையும் புகையிலையும் கத்தரியோடு ஒரே குடும்பமாமே. ஆனால் கீழ்க்காட்டு மாமா தக்காளி நட்டிருக்கிறார். என் காட்டுத் தண்ணீர் வடிவது அவருக்குத்தான். இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

— இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள் அண்ணே.