ஈப்போ – செனாய் பிளேன்ல போனவங்க சொல்லுங்க: உண்மையில எவ்வளவு நேரம் மிச்சம்?

செம்பனைக்காரன், சுங்கை சிப்புட்

நம்ம ஊர்ல ஜொகூருக்கு வேலைக்குப் போன பிள்ளைங்க இல்லாத லயமே (தோட்டத்து வீட்டு வரிசை) கிடையாது. என் மகளும் அங்கதான். தீபாவளி சமயத்துல ஹைவேயில மாட்டினா விடிஞ்சிரும், அதனால நானும் வீட்டுக்காரியும் பிளேன்ல போக ஆரம்பிச்சோம்.

ஈப்போவுக்கும், ஜொகூர் ஏர்போர்ட் இருக்கிற செனாய்க்கும் ஆகாய வழி ஏறக்குறைய 434 கிலோமீட்டர். ரோட்டுல 530-ஐத் தாண்டும். ஜெட்டு மணிக்கு 800-க்கு மேல ஓடுதே, அரை மணி நேரத்துல இறக்கிவிட வேணாமா? டிக்கெட்ல ஒரு மணி நேரத்துக்கு மேல போட்டிருக்கான்!

ஈப்போ ஏர்போர்ட் சின்னது, அது ஒரு சுகம். பிளேன் வரைக்கும் வெயில்ல நடந்தே போயிடலாம். ஸ்கேன்லதான் வீட்டுக்காரியோட முறுக்கு டின்னைத் திறக்கச் சொன்னாங்க. திறந்து காட்டினதோட விடாம, பார்த்த அம்மாவுக்கு ரெண்டு எடுத்து நீட்டிட்டா. அந்தம்மா சிரிச்சுக்கிட்டே வேணாம்னாங்க.

ரன்வே மாமா

தம்பி, நான் ஏர்போர்ட்ல மூட்டை ஏத்தி இறக்கினவன். டிக்கெட்ல இருக்கிறது பறக்கிற நேரம் மட்டும் இல்ல. நின்ன இடத்தைவிட்டு பிளேன் நகர்றதுல இருந்து, அங்க போய் நிக்கிற வரைக்கும் கணக்கு. ரன்வேக்கு ஊர்ந்து போகணும், வரிசையில நிக்கணும், இறங்கினதும் திரும்ப ஊரணும். நீங்க சொல்ற 800 மேல ஏறி முடிச்ச பிறகுதான் வரும். இந்த மாதிரி குட்டை ரூட்ல முழு வேகத்துல போறதே கொஞ்ச நேரம்தான், உடனே இறங்க ஆரம்பிச்சிடும். நேர்க்கோட்டுலயும் விடமாட்டான். வகுத்த ஆகாயப் பாதையில போய், காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்த்துத்தான் ரன்வேக்குத் திருப்புவான்.

கிளாந்தான் டீச்சர்

என் கதை தலைகீழ் அண்ணே. கிளாந்தான்ல இருக்கிற கோத்தா பாருவுக்கு மாத்தல் வந்தப்ப, பினாங்குல இருந்து பறக்கலாமேன்னு எல்லாரும் சொன்னாங்க. ஆகாய வழி 243 கிலோமீட்டர்தான். காத்தாடி வச்ச ஏடிஆர் பிளேன்லகூட ஒரு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடும். ஆனா நம்ம ஊர்ல இருந்து பினாங்கு ஏர்போர்ட் போய்ச் சேரணுமே! வடக்க போய், கடல் பாலம் தாண்டி, அங்க காத்திருந்து... அந்த நேரத்துக்கு கோல கங்சார், கிரீக் வழியா காடியில (கார்ல) கிளாந்தான் எல்லையில இருக்கிற ஜெலி பக்கம் வந்துடுவேன்.

மலை ரோடு லேசுன்னு சொல்லல. கிரீக் தாண்டினா ஜெலி வரைக்கும் பெட்ரோல் ஸ்டேஷன் கிடைக்கிறது கஷ்டம், அதனால கிரீக்லயே டேங்க் நிரப்பிடுவேன். பொழுது சாஞ்சா யானை ரோட்டுக்கு வரும். வளைவுல சாணி சூடா ஆவி பறக்கக் கிடக்கும். அதைப் பார்த்ததும் காலு தானா பிரேக்குக்குப் போகும். ஹாரன் அடிக்கக் கூடாது, லைட்டை ஏத்தி இறக்கவும் கூடாது.

செம்பனைக்காரன்

அடேங்கப்பா டீச்சரம்மா, எனக்கு பிளேனே போதும்!

மாமா சொன்னதை வச்சு வாசல்ல இருந்து வாசல் வரைக்கும் போட்டுப் பார்த்தேன். ஏர்போர்ட்டுக்கு முக்கால் மணி, அங்க ஒன்றரை மணி, பிளேன் ஒன்னே கால், பெட்டி எடுத்து செனாய்ல இருந்து மக வீட்டுக்கு ஒரு மணி. மொத்தம் நாலரை. சாதா நாள்ல காடியில ஆறு மணி நேரம். ஆளு ரெண்டுன்னா பிளேன். பேரப்பிள்ளைங்களோட குடும்பமே கிளம்பினா காடிதான், டிக்கெட் காசு கட்டாது.

ரன்வே மாமா

காலை பிளேனா எடுங்க தம்பி. சாயங்காலம் இடி மழை பிடிச்சா, மின்னல் நிக்கிற வரைக்கும் மூட்டை ஏத்துறவனை வெளிய விடமாட்டாங்க. உங்க முறுக்கு டின் வண்டியிலயே கிடக்கும்.