கலைச்சொல் வேண்டும்: வழங்கி (சர்வர்) தானாக ஓடவிடும் நிரலுக்கு

வணக்கம்.

தலவாக்கலைப் பக்கம் ஒரு மாலை வகுப்புக்குப் பதிவுப் பக்கம் செய்து கொடுத்தேன். பக்கத்தைத் திறந்ததும் வரிசை எண் விழும். முதல் நாளே 1, 3, 5, 7 என்று ஒற்றை எண்களாக விழுந்தன. சிலநேரம் மூன்றாகவும் தாவியது. "அண்ணே, எனக்கு 7, தங்கச்சிக்கு 9, அப்ப 8 யாரு?" என்று ஒரு பிள்ளை கேட்டது. தோட்டத்தில் பெரட்டுக்கே (காலை ஆள் கணக்கெடுப்புக்கே) வராதவனுக்குச் செக்ரோலில் (வருகைப் பதிவில்) பேர் விழுந்த கதை!

சிக்னல் மந்தம், பொறுமையில்லாமல் இரண்டு தரம் அமத்துகிறார்கள் என்று பிள்ளைகள் தலையில் பழியைப் போட்டேன். வழங்கி எழுதிவைக்கும் அணுகல் பதிவேட்டிலோ ஆளுக்கு ஒரு தரம்தான் முகப்பு கேட்கப்பட்டிருந்தது. அடுத்த வரியில் ஒரு கொழுந்துப் படம், 404 (கேட்டது இல்லை என்ற குறி). அந்தப் படத்தைப் போன மாதம் அழித்தவன் நானே. பக்கத்தின் அடியில் அதன் பெயரை எடுக்க மறந்திருந்தேன். அந்த வரியைக் கண்டும் இரண்டு நாள் தாண்டிப் போனேன்.

கடைசியில், எண் கொடுக்கும் பிஎச்பி நிரலையே, யார் தன்னைக் கூப்பிட்டது என்று ஒரு கோப்பில் எழுதவைத்தேன். ஒன்று விட்டு ஒன்று 'ரீடைரெக்ட்_ஸ்டேட்டஸ் 404', அதாவது 404 பிழையால் திருப்பிவிடப்பட்டது. விஷயம் விளங்கியது. அப்பாச்சி என்ற வழங்கி மென்பொருளின் 'எரர்டொக்கியுமென்ட் 404' வரியில் முகப்பு நிரலின் பெயரைப் போட்டிருந்தேன், வழி தவறி வருகிறவர்கள் முகப்புக்கு வரட்டும் என்று. இல்லாத படத்தை உலாவி கேட்டதும் வழங்கி உள்ளுக்குள்ளேயே அந்த நிரலை ஓட்டி, வந்த பக்கத்தைப் படத்துக்குப் பதிலாக நீட்டியிருக்கிறது. வெளியிலிருந்து புதிதாக யாரும் கேட்கவில்லை. பதிவேட்டில் தனி வரியும் இல்லை. மூன்றாகத் தாவியது ஃபெவிக்கனால் (தளத்தின் குட்டிச் சின்னப் படம்). 1999இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 தொடக்கிய பழக்கம் அது: பக்கத்தில் எழுதாவிட்டாலும் உலாவி போய்க் கேட்கும். என்னிடம் அந்தக் கோப்பும் இல்லை.

வெறும் எச்டிஎம்எல் கோப்பைப் பிழைப்பக்கமாக வைத்ததும் தாவல் நின்றது.

இதற்குப் பெயர் என்ன? 'எதிர்பாரா இயக்கம்' என்றால் நிரலரின் திகைப்பு தெரிகிறது, நடந்தது தெரியவில்லை. விக்கிப்பீடியாவால் ரீடைரெக்டுக்கு 'வழிமாற்று' பழகிவிட்டது, ஆகவே 'உள்வழிமாற்று' எனலாம். ஆனால் எல்லா உள்வழிமாற்றும் பிழையால் வருவதில்லை. படத்துக்குப் பதில் நிரல் போனதால் 'பதிலாள் ஓட்டம்' என்றும் யோசித்தேன். 'பதிலி' ஏற்கெனவே ப்ராக்ஸிக்கு (இடையில் நின்று கேட்டு வாங்கித் தரும் வழங்கிக்கு) போய்விட்டது, குழம்பும்.

என் முன்மொழிவு: பிழையேவல்.

——

> என் முன்மொழிவு: பிழையேவல்

தம்பி, எங்கள் லயத்தில் ஏவல் என்று சொல்லிப் பார். வழங்கி யாருக்கும் ஞாபகம் வராது, எலுமிச்சம்பழமும் குங்குமமும்தான் வரும். மந்திரவாதிக்கு வேலை கொடுக்காதே. 'பிழைவழி ஓட்டம்' போதும்.

இன்னொன்று. திறந்ததுமே எண் கொடுத்தது உன் தப்பு, படத்தைக் குற்றம் சொல்லாதே. நாளைக்குத் தேடுபொறியின் ரோபோ வந்தாலும் ஓர் எண் போகும். படிவத்தை அனுப்பிய பிறகு கொடு.

பண்டாரவளையிலிருந்து

——

அக்கா, எண் விஷயத்தில் வாயை மூடிக்கொள்கிறேன். நேற்றே மாற்றிவிட்டேன்.

சொல்லில் விடமாட்டேன். நம் ஊர்ப் பேச்சில் பிழை என்றால் தப்பு. 'பிழைவழி' என்றதும் தப்பான வழி என்றுதான் காதில் விழும். நிரல் போனது நான் எழுதிக் கொடுத்த வழியில்தானே? எலுமிச்சம்பழம் ஞாபகம் வரட்டும் அக்கா. கண்ணுக்குத் தெரியாமல் நின்று ஒருத்தர் ஏவ, இன்னொருத்தர் ஆடுவது: இரண்டு நாள் நான் பட்ட பாடு அதுதான். பள்ளிக்கூடத்தில் படித்த ஏவல் வினையும் உண்டு, ஒருவரை ஒன்று செய்யச் சொல்வது. வினையாகவும் வளையும்: 'பிழை நிரலை ஏவிவிட்டது.'

——

தம்பிக்கு ஒரு கேள்வி. அதே வரியில் எச்டிடிபி என்று தொடங்கும் முழு முகவரியைக் கொடுத்திருந்தால்? அப்போது அப்பாச்சி உள்ளுக்குள் ஓட்டாது. 302 சொல்லி உலாவியை அங்கே போகச் சொல்லும். நிரல் அப்போதும் ஓடும், எண்ணும் தாவும். அதுவும் பிழையேவலா?

அட்டனிலிருந்து

——

சேர், நல்ல இடத்தில் பிடித்தீர்கள். அங்கே உலாவி தன் காலால் நடந்து வருகிறது, பதிவேட்டில் முகப்புக்குத் தனி வரி விழும். தேடுகிறவருக்கு அந்த வரி கண்ணில் படும், என்னைப்போல் அலையமாட்டார். ஆகவே அதைச் சேர்க்க வேண்டாம், வழிமாற்று என்றே இருக்கட்டும். கலைச்சொல் பட்டியலுக்கு இப்படி எழுதியிருக்கிறேன்:

பிழையேவல்: கேட்ட கோப்பைக் கொடுக்க முடியாதபோது, உலாவிக்குத் தெரியாமல் வழங்கி தனக்குள் வேறொரு நிரலை ஓடவிடுவது.

இன்னொரு வழங்கி மென்பொருளான என்ஜினெக்ஸின் 'எரர்_பேஜ்' வரிக்கும் பொருந்தும். அக்கா, ஞாயிற்றுக்கிழமை வரை பார்ப்பேன். மறுப்பு இல்லையென்றால் ஏற்றிவிடுகிறேன்.