கியூர்பிப் வீட்டில் துணி அலமாரி: எத்தனை விரிப்பு வேண்டும், ஈரவாடை எப்படிப் போகும்?

புதுக்குடித்தனம், கியூர்பிப்

எல்லோருக்கும் வணக்கம். மதுரைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மொரீஷியஸ் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. கான்கிரீட் வீடு, கீழ்த்தளம். நடைவழியில் சுவரிலேயே பதித்த ஐந்து தட்டு அலமாரி ஒன்று இருக்கிறது, கதவை மூடிவிட்டால் உள்ளே காற்றே போகாது. வீட்டுத் துணி மொத்தமும் அதில்தான். மெத்தை விரிப்பு, போர்வை, தலையணை உறை, துண்டு, மேசைவிரிப்பு, அம்மா கொடுத்தனுப்பிய பவானி ஜமுக்காளம் இரண்டு, அப்புறம் குழந்தையின் துணி.

போன வாரம் கீழ்த்தட்டிலிருந்து ஒரு விரிப்பை எடுத்தேன். துவைத்து, காயவைத்து, மடித்து வைத்ததுதான். ஆனாலும் ஈரவாடை, மடிப்போரத்தில் பொடிப்பொடியாகக் கரும்புள்ளி. அழுகையே வந்துவிட்டது, கல்யாணத்துக்கு வந்த விரிப்பு அது. ஊரில் அம்மா பீரோவில் பத்து வருடம் கிடந்த துணிகூட மொரமொரவென்று இருக்கும்.

அடுத்த மாதம் மாமியாரும் நாத்தனார் குடும்பமும் வந்து மூன்று வாரம் தங்கப்போகிறார்கள். அதற்குள் இந்த அலமாரியை ஒழுங்குபண்ண வேண்டும். ஒரு கட்டிலுக்கு எத்தனை விரிப்பு வைத்திருப்பது சரி? எதை எந்தத் தட்டில் வைப்பது? அந்துருண்டை போட்டால் வாடை போகுமா? வீட்டில் ஏழு மாதக் குழந்தை இருக்கிறது.

பழைய கியூர்பிப்காரி

மகளே, துணியைக் குறை சொல்லாதே, உன் துவைப்பையும் குறை சொல்லாதே. கியூர்பிப் கடல்மட்டத்திலிருந்து சுமார் 550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மேலேறி இங்கேதான் மழையாகவும் தூறலாகவும் இறங்குகிறது. நான் இந்த ஊரில் பிறந்து அறுபது வருடத்துக்கு மேல் இங்கேயே இருக்கிறேன். போர்ட் லூயிஸில் இருக்கும் என் தங்கை வீட்டில் துணியை எங்கே வைத்தாலும் ஒன்றும் ஆகாது, என் வீட்டில் பத்து நாள் பார்க்காமல் விட்டால் பூஞ்சை வந்துவிடும்.

முக்கியமாக அலமாரி பதித்திருக்கிற அந்தச் சுவரைப் பார். அலமாரியின் முதுகுப்பக்கம் வீட்டின் வெளிச்சுவரா? 1960இல் கரோல் புயல் அடித்து மரவீடுகளையும் தகரவீடுகளையும் வாரிக்கொண்டு போன பிறகுதான் இங்கே கான்கிரீட் வீடு பெருகியது. புயலுக்குக் கான்கிரீட் தாங்கும், ஆனால் இங்கே குளிர்காலமான ஜூலை ஆகஸ்டில் வெளிச்சுவர் சில்லென்று ஆகிவிடும். சமையல், குளியல், நம் மூச்சு, இதிலிருந்தெல்லாம் வருகிற ஈரம் அந்தக் குளிர்ந்த சுவரில் பட்டு வேர்க்கும். அதை ஒட்டித் துணி இருந்தால் துணி குடித்துக்கொள்ளும். பருத்தி அப்படிப்பட்ட நூல்தான். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதம் இருந்தாலே பருத்தி தன் எடையில் 7, 8 சதவீதம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும், பாலியெஸ்டர் அரை சதவீதம்கூடப் பிடிக்காது.

ஆகவே முதலில் எல்லாவற்றையும் வெளியே எடு. தட்டையும் சுவரையும் வினிகர் தொட்ட துணியால் துடைத்து ஒரு நாள் முழுக்கத் திறந்து காயவிடு. வினிகர் போட்ட இடத்தில் பிளீச்சிங் திரவம் சேர்க்கவே சேர்க்காதே, இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், கைக்குழந்தை இருக்கிற வீடு. கரும்புள்ளி விழுந்த விரிப்பை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் உதறித் தேய்த்துவிட்டு அப்புறம் துவை, உள்ளே உதறினால் பூஞ்சைத் தூள் மற்ற துணிக்கும் பரவும். வெள்ளை விரிப்பு என்றால் எலுமிச்சையும் உப்பும் தடவி வெயிலில் போடு, என் அம்மா செய்தது அதுதான், புதுக் கறை என்றால் போய்விடும்.

திரும்ப அடுக்கும்போது துணிக்கும் பின்சுவருக்கும் நடுவே நாலு விரல் இடம் விடு. அடித்தட்டில் துணி வேண்டாம், பிளாஸ்டிக் வாளி, கூடை என்று ஏதாவது வை. பலகைத் தட்டை எடுத்துவிட்டு இடைவெளி விட்ட சட்டம் போட முடிந்தால் இன்னும் நல்லது. எங்கள் பாட்டி தினமும் காலையில் லார்முவார், அதாவது அலமாரியின் கதவைத் திறந்துவைத்துவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவார். தட்டுக்கு ஒரு பிடி வெட்டிவேர் வைப்பார், அண்டைத் தீவு ரெயூனியனிலும் அலமாரியில் அதைத்தான் வைப்பார்கள். வாசனைக்கும் பூச்சிக்கும் அது நல்லது, ஈரத்தை அது எடுக்காது.

லினன் ரூம் அண்ணன், ஃப்ளாக்

தங்கச்சி, நான் கிழக்குக் கடற்கரையில் ஓர் ஓட்டலில் துணி அறையில் 14 வருடமாக வேலை பார்க்கிறேன். எத்தனை வேண்டும் என்ற கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதிலிருந்துதான் மற்றதெல்லாம் ஆரம்பிக்கிறது.

ஓட்டல் கணக்கில் இதற்கு ‘பார்’ (par) என்று பெயர். ஒரு கட்டிலுக்கு ஒரு செட் என்றால் ஒரு ‘பார்’. குறைந்தது மூன்று ‘பார்’ வேண்டும், ஒன்று கட்டிலில், ஒன்று துவைப்பில், ஒன்று தட்டில். சில இடங்களில் நாலு ஐந்துகூட வைப்பார்கள், அது சலவை வெளியே போய் வருவதால். வீட்டுக்கு மூன்று போதும். உன் ஊரில் வெயில் கிடைக்காமல் துணி இரண்டு மூன்று நாள் தொங்கும் என்பதால் வேண்டுமானால் குழந்தைக்கு மட்டும் ஐந்து வை. துண்டு ஆளுக்கு மூன்று, விருந்தாளிக்கு இரண்டு. இதற்கு மேல் இருப்பதெல்லாம் அலமாரியில் காற்றுக்கான இடத்தைத் தின்னும். திணித்த அலமாரியில் என்ன செய்தாலும் வாடை வரும், நான் பார்த்த வரை பாதிப் பிரச்சினை திணிப்பதால்தான்.

இன்னொன்று அளவு. இந்தியாவில் 60க்கு 78 அங்குலக் கட்டிலுக்கு வாங்கிய விரிப்பு 152க்கு 198 செ.மீ. மெத்தைக்கானது. இங்கே பிரெஞ்சு அளவில் 140க்கு 190 கட்டில் நிறைய. நாலு மூலையிலும் எலாஸ்டிக் வைத்த விரிப்பு அதில் தொளதொளவென்று நிற்கும். உன்னிடம் எந்த அளவு மெத்தை இருக்கிறது என்று டேப் வைத்து அளந்து, பொருந்தாததைத் தனியாக எடுத்துவிடு. ஒவ்வொரு விரிப்பின் ஓரத்திலும் உள்பக்கமாகக் கலர் நூலில் ஒரு தையல் போடு, பெரிய கட்டிலுக்குச் சிவப்பு, சின்னதுக்கு நீலம் என்று. நாங்கள் அப்படித்தான் அடையாளம் வைக்கிறோம், விரித்துப் பார்க்காமலே தெரியும்.

ஒரு செட்டை முழுசாக மடித்து அதன் தலையணை உறைக்குள்ளேயே வைத்துவிடு. தேடவேண்டியதில்லை, இரவில் குழந்தை ஈரம் செய்துவிட்டால் ஒரே இழுப்பில் எல்லாம் வரும். துவைத்து வந்ததை அடுக்கின் அடியில் வை, எடுப்பதை மேலிருந்து எடு. நீ மேலே வைத்து மேலிருந்தே எடுத்திருப்பாய், அதனால்தான் கல்யாண விரிப்பு மாதக்கணக்கில் அடியில் கிடந்து புள்ளி விழுந்திருக்கிறது. சுற்றிக்கொண்டே இருக்கிற துணியில் பூஞ்சை சுலபத்தில் வராது. மடிப்பு முதுகு வெளியே தெரிகிற மாதிரி வைத்தால் ஒன்றை உருவும்போது பக்கத்தில் இருப்பது சரியாது.

துண்டு வாங்கும்போது கனமாகப் பார்த்து வாங்காதே. 600 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 600 கிராம் எடை) துண்டு தொட நன்றாக இருக்கும், கியூர்பிப்பில் காயாது. 400 பக்கம் போதும். துண்டுக்கு மென்மைத் திரவம் போடவும் வேண்டாம், நூலின் மேல் படிந்து தண்ணீர் உறிஞ்சுவதைக் குறைத்துவிடும். கடைசியாக, இஸ்திரி போட்டதும் சூட்டோடு அடுக்கக் கூடாது. ஆறவிட்டு வை, இல்லையென்றால் அந்த ஆவி மடிப்புக்குள்ளேயே நிற்கும்.

மருந்துக்கடை, ரோஸ் ஹில்

அக்கா, மற்றதை அவர்கள் சொல்லிவிட்டார்கள். அந்துருண்டை பற்றி மட்டும் நான் சொல்ல வேண்டும். தயவுசெய்து போடாதீர்கள்.

ஜி6பிடி என்ற நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கும், ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பலருக்கு உண்டு. அப்படிப்பட்ட குழந்தைக்கு நாப்தலின் அந்துருண்டையோடு வைத்திருந்த துணியை உடுத்தினாலோ போர்த்தினாலோ சிவப்பணுக்கள் உடைந்து கடுமையான மஞ்சள்காமாலையும் ரத்தசோகையும் வரலாம். பார்த்தால் மிட்டாய் மாதிரி இருப்பதால் தவழும் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. ஏற்கெனவே போட்டிருந்தால் அந்தத் துணியைத் துவைத்து நன்றாகக் காற்றாட விட்ட பிறகே குழந்தைக்குப் பயன்படுத்துங்கள்.

அது பூஞ்சைக்கான மருந்தும் இல்லை. பட்டையும் கம்பளியையும் தின்னும் அந்துப்பூச்சிக்குத்தான் அது. சுத்தமாகத் துவைத்த பருத்தி விரிப்பை அந்தப் பூச்சி பொதுவாகத் தொடாது. கஞ்சி போட்ட துணி வேறு, கஞ்சியைத் தின்ன வெள்ளிநிறத்தில் நெளிந்தோடும் ஒரு பூச்சி வரும், அதனால் எடுத்துவைக்கிற துணிக்குக் கஞ்சி வேண்டாம்.

புதுக்குடித்தனம், கியூர்பிப்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று முழுவதையும் வெளியே எடுத்து எண்ணினேன். மூன்று பேர் இருக்கிற வீட்டில் 19 விரிப்பு, 26 தலையணை உறை, 17 துண்டு! அளந்து பார்த்ததில் ஏழு விரிப்பு எந்த மெத்தைக்கும் பொருந்தவில்லை. பாட்டியம்மா சொன்னது சரிதான், முதுகுப்பக்கம் வெளிச்சுவர், கையை வைத்தால் ஈரம் ஒட்டுகிறது. அந்துருண்டை வாங்கவில்லை, ரோஸ் ஹில் தம்பிக்கு அதற்காகத் தனியாக நன்றி.

இரண்டு சந்தேகம். அலமாரிக்குள் ஒரு சின்ன குண்டு பல்பை எரியவிட்டால் காய்ந்துவிடும் என்கிறார் கணவர், செய்யலாமா? ஜமுக்காளத்தையும் இரண்டு பட்டுப்புடவையையும் என்ன செய்வது?

காத்ர் போர்ன்

பல்ப் வேண்டாங்க. துணிக்கு நடுவில் சூடான பல்ப், ஒரு துண்டு சரிந்து மேலே விழுந்தால் தீ. பழைய வீடுகளில் செய்திருப்பார்கள், ஆனால் பூட்டிவிட்டு வெளியே போகிற வீட்டில் நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

நான் வைத்திருப்பது கால்சியம் குளோரைடு போட்ட ஈரம் உறிஞ்சும் டப்பா. மேலே வெள்ளைக் கட்டி, கீழே தண்ணீர் சேரும். மூடிய அலமாரிக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது. கீழ்த்தட்டில் மட்டும் வையுங்கள், கவிழ்ந்து துணியில் பட்டால் அந்தத் தண்ணீர் காயவே காயாது, பிசுபிசுவென்று நிற்கும். குழந்தைக்கு எட்டக் கூடாது. கூடவே ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி உள்ளே வையுங்கள், 60க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை, 70ஐத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் பூஞ்சை வரும்.

பெரியம்மா மன்னிக்கணும், தினமும் காலையில் கதவைத் திறந்துவைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. தூறலும் மூடுபனியும் இருக்கிற காலையில் வீட்டுக்குள் இருக்கும் காற்றே ஈரக்காற்றுதான், திறந்தால் அதுதான் உள்ளே போகும். மீட்டர் வைத்துப் பார்த்தேன், அப்படித் திறந்த நாட்களில் எண் ஏறித்தான் போயிற்று.

பழைய கியூர்பிப்காரி

மன்னிப்பெல்லாம் எதற்குப்பா. நீ சொல்வது சரி. பாட்டி வீடு மரவீடு, அடுப்பு விறகடுப்பு, காலையிலிருந்தே வீடு சூடாக இருக்கும், அதனால் அவருக்குக் கதவு திறப்பது பலித்தது. கான்கிரீட் வீட்டில் வெயில் அடிக்கிற நடுப்பகலில் மட்டும் திற மகளே, மழை நாளில் மூடியே வை.

ஜமுக்காளத்தை மடிக்காதே, உருட்டி வை. மடித்தால் அந்த மடிப்பிலேயே நூல் விட்டுப்போகும். பட்டை இந்த அலமாரியில் வைக்கவே வேண்டாம், படுக்கையறையில் உள்சுவர் பக்கம் இருக்கிற பீரோவில் வை. பழைய வெள்ளை மல்துணியில் சுற்று, பிளாஸ்டிக் உறையில் போட்டால் ஈரம் உள்ளேயே அடைந்து ஜரிகை கறுத்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்று. தைப்பூசக் காவடிக்கு உடுத்தும் புடவையை நான் அப்படித்தான் முப்பது வருடமாக வைத்திருக்கிறேன், நிறம் மங்கவில்லை.

பொருந்தாத அந்த ஏழு விரிப்பைத் தூக்கிப்போடாதே. இரண்டை வெட்டித் தட்டுக்கு விரி, மரத்தின் மஞ்சள் கறை நல்ல துணியில் ஏறாது. ஒன்றைத் தலையணை உறையாகத் தைத்துக்கொள். மீதி நாலையும் துவைத்து ஒரு பைக்குள் கட்டி உயரத் தட்டில் வைத்துவிடு. நவம்பரில் புயல் பருவம் தொடங்கிவிடும், ஜன்னலிடுக்கில் தண்ணீர் வரும் இரவில் தரையில் போட அதுதான் கைக்கு வரும். உன் கல்யாண விரிப்பு என்ன ஆயிற்று என்று மட்டும் எழுது, அந்தப் புள்ளி போயிற்றா?

புதுக்குடித்தனம், கியூர்பிப்

எலுமிச்சையும் உப்பும் போட்டு மூன்று நாள் வெயிலுக்குக் காத்திருந்தேன் பாட்டியம்மா, இன்றுதான் வெயில் வந்தது. பெரிய புள்ளிகள் லேசாகத் தெரிகின்றன, சின்னதெல்லாம் போய்விட்டது. கொடியில் இன்னும் கிடக்கிறது, சாயங்காலம் எடுத்து ஆறவிட்டு மூன்றாம் தட்டில் வைப்பேன். பெரிய கட்டில் செட், சிவப்பு நூல் போட்டாயிற்று.