அத்தையின் கால் குடைச்சல்: நம் குடும்பக் குழுவில்

சரோஜா அத்தை: இன்றைக்கும் தூக்கம் போச்சு. படுத்தால் கெண்டைக்கால் சதைக்குள்ளே நமநமவென்று ஏதோ ஊர்கிறது, வலி என்றும் சொல்ல முடியவில்லை, காலை ஆட்டாமல் இருக்கவும் முடியவில்லை, எழுந்து நாலு நடை நடந்தால் அடங்குகிறது, வந்து படுத்தால் மறுபடியும் அதேதான்.

கார்த்தி: வாயுவாக இருக்கும் அத்தை. தைலம் தேய்த்துப் பாருங்கள்.

மீனா: வாயு இல்லை கார்த்தி. அத்தை, பகலில் வருகிறதா?

சரோஜா அத்தை: வேலையாக இருந்தால் ஒன்றும் இல்லை. சாயங்காலம் சீரியல் பார்க்க உட்கார்ந்தால் ஆரம்பம். போன மாதம் மதுரை பஸ்ஸில் சீட் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேதான் வந்தேன்.

மீனா: சும்மா இருந்தால் வரும், அசைத்தால் குறையும், பொழுது சாய்ந்தால் கூடும் என்றால் ரெஸ்ட்லெஸ் லெக்ஸாக, அதாவது காலை ஆட்டாமல் இருக்க விடாத நரம்புத் தொந்தரவாக இருக்கலாம். எங்கள் டயாலிசிஸ் வார்டில் நிறையப் பேர் இதைச் சொல்லித்தான் அழுவார்கள். கர்ப்பிணிகளுக்கும் வரும். மூளைக்கு இரும்புச்சத்து போதாதது ஒரு முக்கியக் காரணம். ஃபெரிட்டின் பார்த்தீர்களா?

சரோஜா அத்தை: ஹீமோகுளோபின் 12.4, நல்லா இருக்கு என்றார்களே.

மீனா: அது ரத்தத்தில் ஓடுவது அத்தை. சேமிப்பில் எவ்வளவு இருக்கிறது என்று ஃபெரிட்டின்தான் சொல்லும். லேப் சீட்டில் 30 இருந்தாலும் நார்மல் என்றே போட்டிருக்கும், ஆனால் இந்தத் தொந்தரவு இருப்பவர்களுக்கு 75 வரை இருந்தாலே இரும்பு மாத்திரை கொடுத்துப் பார்ப்பார்கள். நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், சிலருக்கு உடம்பில் இரும்பு ஏற்கெனவே கூடுதலாக இருக்கும். இரவில் வேறு என்ன மாத்திரை போடுகிறீர்கள்?

சரோஜா அத்தை: சளிக்குக் கொடுத்த மாத்திரை. தூக்கம் வருகிறது என்று இன்னும் போடுகிறேன்.

மீனா: அதை முதலில் நிறுத்துங்கள். தூக்கம் தரும் அந்தப் பழைய சளி மாத்திரைகள் இந்தக் கால் தொந்தரவைக் கிளப்பிவிடும். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு, மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும் அப்படித்தான், ஆனால் டாக்டர் எழுதியதை அவரைக் கேட்காமல் விடக்கூடாது.

வசந்தா பெரியம்மா: என் நாத்தனாருக்கு இதே வியாதிதான். டோபமைன் போல வேலை செய்யும் பிரமிபெக்சோல் மாத்திரை கொடுத்தார்கள், முதலில் அருமையாகக் கேட்டது, அப்புறம் மத்தியானமே ஆரம்பித்து கைக்கும் பரவிவிட்டது.

மீனா: ஆமாம் பெரியம்மா, அந்த வகை மாத்திரையை நாள்பட எடுத்தால் அப்படி ஆவதுண்டு. டோஸைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். அதனால் இப்போது கபாபென்டின், பிரிகாபலின் என்ற நரம்பு மாத்திரைகள் பக்கம்தான் முதலில் போகிறார்கள். அதிலும் தலைசுற்றல் வரும், வயதானவர்கள் இரவில் எழுந்து நடக்கும்போது விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரோஜா அத்தை: இன்றைக்கு ராத்திரி என்ன செய்யட்டும்?

மீனா: சுவரில் கை ஊன்றி ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகாலைத் தரையில் அழுத்தி கெண்டைக்காலை நீட்டுங்கள். வெந்நீர் ஊற்றிக்கொள்ளுங்கள். நாளையிலிருந்து ஆறு மணி காபி வேண்டாம். சளி முழுதாக விட்டதா? காய்ச்சல், சளி இருக்கும்போது ஃபெரிட்டின் கூடுதலாகக் காட்டி ஏமாற்றிவிடும்.

சரோஜா அத்தை: விட்டு ரொம்ப நாளாச்சு.

மீனா: சரி, அப்படியென்றால் காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுங்கள். ஃபெரிட்டினோடு, ரத்தம் எவ்வளவு இரும்பைச் சுமக்கிறது என்று காட்டும் டிரான்ஸ்பெரின் சாச்சுரேஷன், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் மூன்றும். கார்த்தி, நீ கூட்டிப் போ.

கார்த்தி: ஏழு மணிக்கு வந்துவிடுகிறேன் அத்தை.